நான் துடைத்தெடுத்த முகம்

1986ஆம் ஆண்டு மாசி மாதம். சூரிச் நகரத்தின் வடக்குப் பக்கமாக இருக்கும் ஓர்லிகோனில், ட்ராம் பாதைக்குப் பின்னால் இருந்த ஒரு கண்ணாடிப் பட்டறையில் நடந்தது இது. அங்கே நான் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தேன்.

துப்புரவு வேலை என்றதும் ஐயோ பாவம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் ஏழு வருடம் மனையியல் படிப்பித்தவள் நான். எந்தக் கறையை எதனால் எடுப்பது, பித்தளையை எதனால் மினுக்குவது என்பதெல்லாம் கரும்பலகையில் எழுதிப்போட்டுக் கேள்வி கேட்டவள். ஊத்தையைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. ட்ராமில் போகும்போதுகூட யன்னலில் யாராவது விரல் அடையாளம் வைத்திருந்தால் சால்வை நுனியால் துடைத்துவிடுவேன். "உமக்கு இது மருந்தில்லாத வருத்தம்" என்பார் என் கணவர்.

அவர் எனக்கு ஒரு வருடம் முந்தி வந்தவர். ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ஒரு அறைதான். அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. அடுத்த மாதம் திரும்பவும் விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். போகும்போது வேலை தந்தவர் எழுதிய நல்ல கடிதம் ஒன்று கையில் இருந்தால் உதவும் என்று முன்னால் வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். அந்தக் கடிதத்தை எனக்குத் தரவேண்டியவர் பட்டறையின் சொந்தக்காரி.

அவருக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட. ஆனாலும் மனதுக்குள் நான் முதலாளியம்மா என்றுதான் சொல்லுவேன். தேவாலயங்களின் வர்ணக் கண்ணாடி யன்னல்களைச் செய்வதும் உடைந்ததைத் திருத்துவதும் அவருடைய தொழில். கண்ணாடியில் முகங்களை எழுதுவது அவர் கை. கண்ணாடியை வெட்டுவது, எழுதுவதற்கு முன் கழுவுவது, எழுதியதைச் சூளையில் வைத்துச் சுடுவது, கடைசியில் ஈயப் பட்டியால் துண்டுகளைப் பொருத்துவது எல்லாம் அங்கே வேலை செய்த ஒரு இத்தாலிக்காரர். நாற்பது வயதிருக்கும். வருடா வருடம் முதலாளி எழுதிக் கொடுக்கிற கடிதத்தில்தான் அவருக்கும் இந்த நாட்டில் இருக்க அனுமதி. மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் இத்தாலியில். அவர்களை இங்கே கூப்பிட எழுதிப் போட்டுவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார். அவருடைய ஜெர்மனும் என்னுடையதைப் போல நொண்டி என்பதால் நாங்கள் இரண்டு பேரும் நன்றாகவே கதைத்துக்கொள்வோம்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளியம்மா நிலத்தைக் காட்டி "இது உனக்கு" என்றும், மேசைகளைக் காட்டி "இது எனக்கு" என்றும் கைச்சைகையோடு சொன்னார். என் ஜெர்மன் அப்போது கடையில் பாலும் பாணும் வாங்குகிற அளவுதான். அவர் சொன்னது விளங்கவில்லை என்று இன்றைக்கு நான் எழுதினால் ஒருவரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் விளங்கியது.

அந்த மாதம் எங்கடின் என்ற மலைப் பள்ளத்தாக்கில் இருக்கும் ஊர் ஒன்றின் கத்தோலிக்கத் தேவாலய யன்னல் பட்டறைக்கு வந்திருந்தது. கூரையிலிருந்து சரிந்த பனிக்கட்டி விழுந்து அதன் கீழ்ப்பாதி நொறுங்கிப் போயிருந்தது. பெரிய வெள்ளிக்கு முன் திரும்பப் பொருத்தியாக வேண்டும். அதில் இருந்த காட்சியை இத்தாலிக்காரர்தான் எனக்குச் சொன்னார். இயேசு சிலுவையைச் சுமந்துகொண்டு போகிறார். முகமெல்லாம் இரத்தமும் வியர்வையும். கூட்டத்திலிருந்து வெரோனிக்கா என்ற பெண் துணிந்து முன்னுக்கு வந்து, தன் துணியால் அந்த முகத்தைத் துடைத்துவிடுகிறாள். துணியை விரித்துப் பார்த்தால் அவருடைய முகம் அதிலே பதிந்திருக்கிறது. நொறுங்கிப் போனது அந்தத் துணியும் அதைப் பிடித்திருந்த கைகளும்தான். பழைய படம் ஒன்றை வைத்துக்கொண்டு முதலாளியம்மா அவற்றைப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தார்.

செவ்வாயும் வியாழனும் பின்னேரங்களில் எனக்கு வேலை. ஒரு வியாழக்கிழமை நான் போனபோது இத்தாலிக்காரர் போய்விட்டார். முதலாளியம்மா கோட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டுக்கொண்டிருந்தார். நாளைக் காலை பாதிரியாரும் சபையார் இரண்டு பேரும் வருகிறார்கள், எல்லாம் துப்புரவாக இருக்க வேண்டும், நீயும் வந்து கோப்பி கொடுத்தால் நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார். ஏன் வருகிறார்கள் என்பதையும் சொன்னார். அந்தப் பகுதி எனக்கு விளங்கவில்லை. சூளையில் சுட்டபிறகு முகத்தில் ஒரு கோட்டையும் மாற்ற முடியாது. அதனால் சுடுவதற்கு முன் அவர்கள் பார்த்துச் சம்மதம் சொல்ல வருகிறார்கள். அதைத்தான் சொல்லியிருக்கிறார்.

நிலத்தை இரண்டு தரம் கழுவினேன். கழுவு தொட்டியை மினுக்கினேன். பிறகுதான் மேசையில் இருந்த மரத்தட்டைப் பார்த்தேன். அதிலே ஒன்பது கண்ணாடித் துண்டுகள். ஒன்பதும் ஊத்தை. பெரியது நிறமில்லாத ஒரு வெள்ளைக் கண்ணாடி, இரண்டு கை அகலம் இருக்கும். அதன் மேலெல்லாம் மண்ணிறமும் கறுப்புமாகப் புகை படிந்து, நடுவில் யாரோ விரலாலும் குச்சியாலும் கிளறிவிட்ட மாதிரி இருந்தது. மாசி மாதத்துப் பின்னேரம், யன்னலில் வெளிச்சமும் மங்கிவிட்டது. கறுத்த மரத்தட்டில் படுக்கையாகக் கிடந்த அந்தக் கண்ணாடியில் எனக்கு வேறொன்றும் தெரியவில்லை.

எங்கள் வீட்டுக்கு மின்சாரம் வந்தபோது எனக்குப் பதினாலு வயது. அதுவரைக்கும் பின்னேரமானால் லாம்புச் சிமினி துடைப்பது என் வேலை. புகை பிடித்த கண்ணாடி என்றால் எனக்கு அதுதான். அதோடு இது தேவாலயத்துக்குப் போகிற சாமான். எங்கள் ஊரில் கோயிலுக்கு ஒரு தேங்காய் கொண்டு போவதென்றாலும் கழுவித்தான் கொண்டு போவோம். நாளைக்குப் பாதிரியார் வந்து பார்க்கிற நேரத்தில் இப்படியா வைத்திருப்பது, இந்த மனுசிக்கு எழுதத் தெரிந்த அளவுக்குத் துடைக்கத் தெரியாது என்று நினைத்தேன். மேசையைத் தொடக்கூடாது என்பதும் நினைவு வந்தது. நான் மேசையைத் தொடவில்லையே, தட்டைத்தானே தொடுகிறேன் என்று எனக்கு நானே சட்டம் பேசினேன்.

தொட்டிக்குப் பக்கத்தில் இத்தாலிக்காரர் கண்ணாடி கழுவுகிற, புளிப்பு மணம் அடிக்கிற வினாகிரிப் போத்தல் இருந்தது. பழைய பத்திரிகைத் தாள்களும் இருந்தன. ஒன்பது துண்டையும் துடைத்தேன். கொஞ்சமும் மல்லுக்கட்டாமல் ஊத்தை வழுக்கிக்கொண்டு வந்தது. மனையியல் ரீச்சருக்கு அந்த இடத்திலாவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். நாட்பட்ட புகை அப்படிச் சுலபமாக விடாது. எனக்கோ சந்தோசம். இருந்த இடத்தில் இருந்தபடியே ஒன்பதையும் திரும்ப அடுக்கி வைத்துவிட்டு, நாளைக்கு ஒரு நல்ல வார்த்தை கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை எட்டரைக்கே போய்விட்டேன். இத்தாலிக்காரர் ஏழு மணிக்கே வந்து வேறொரு யன்னலுக்குக் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தார். பாதிரியாரும் சபையார் இரண்டு பேரும் வந்து கோட்டைக் கழற்றி மாட்டினார்கள். நான் கோப்பித் தட்டோடு வாசலில் நின்றேன். முதலாளியம்மா பேசிக்கொண்டே போய் மரத்தட்டிலிருந்து பெரிய துண்டை, குனிந்து பார்க்காமலே, இரண்டு கையாலும் எடுத்து யன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

அதற்குள்ளால் எதிர்வீட்டுக் கூரை தெரிந்தது. கூரையில் பனி, ஒரு புகைபோக்கி, அதில் இருந்த காகம்கூடத் தெரிந்தது. அவ்வளவு துப்புரவு.

முதலாளியம்மா கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தார், மூக்குக்குக் கிட்டக் கொண்டு போய் மணந்தார். பிறகு பாதிரியாருக்கு விரலால் வெறும் கண்ணாடியில் காட்டினார்: இங்கே கண், இங்கே மூக்கு, இங்கே முள்முடியின் நிழல். அந்த விரல் போன இடங்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு விளங்கிவிட்டது. கோப்பித் தட்டைக் கீழே வைக்கவேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

முதலாளியம்மா என்னைப் பார்க்கவில்லை. என்னைச் சந்தேகிக்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை. எழுதுவதற்கு முன் கண்ணாடியில் எண்ணெய்ப்பசை இருக்கக்கூடாது. அதனால் வெறும் துண்டுகளை வினாகிரி போட்டுக் கழுவி அடுக்குவது இத்தாலிக்காரரின் வேலை. இரண்டு கிழமைக்கு முன்னால் அவர் ஒரு துண்டைச் சூளையில் தவறாக வைத்து வெடிக்கவிட்டிருந்தார். இன்னொரு தரம் நடந்தால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்று முதலாளியம்மா அப்போதே சொல்லியிருந்தார். காலையில் முதலில் வந்ததும் இத்தாலிக்காரர்தான். முதலாளியம்மா சத்தம் போடவில்லை. தட்டு மாறிக் கழுவிவிட்டாயா என்று கேட்டார்.

இல்லை என்றார் அவர். பிறகு தொட்டியைப் பார்த்தார், வினாகிரிப் போத்தலைப் பார்த்தார், தன் கைகளைப் பார்த்தார். காலையில் இருட்டோடு வந்தேன், நிறையத் துண்டுகள் கழுவினேன், கழுவியிருப்பேனோ தெரியாது என்று சொல்லி, தொப்பியைக் கழற்றி முன்னால் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். முதலாளியம்மாவிடம் ஒரு தரம், பாதிரியாரிடம் ஒரு தரம்.

செய்யாத பிழைக்கு ஒரு மனிதன் மன்னிப்புக் கேட்கிறான், செய்தவள் கோப்பித் தட்டோடு பக்கத்தில் நிற்கிறேன். வாயைத் திறக்க வேண்டியது அந்த நிமிடம்தான். திறக்கவில்லை. மொழி வரவில்லை என்று பிறகு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மொழி என்ன மொழி, "நான்" என்ற ஒரு சொல் போதும். அந்தச் சொல் எனக்கு ஜெர்மனில் தெரியும்.

அவரை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். திங்கட்கிழமை வந்து உன் பத்திரங்களைப் பற்றிக் கதைப்போம் என்றார் முதலாளியம்மா. இனி உனக்குக் கடிதம் தரமாட்டேன் என்பதுதான் அதற்கு அர்த்தம், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு விளங்கும். நான் கோப்பைகளைக் கழுவி, துடைத்து, அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

கணவர் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சப்பாத்தைக் கட்டுவதை நிறுத்தாமலே கேட்டார்.

"நீர் பேசாமல் இரும். ஆர் கண்டது? வாற மாசம் விசாரணை. கடிதம் இல்லாமல் போய் நிண்டால் என்ன சொல்லுவாங்கள்?"

"அந்தாள் செய்யாததுக்கு மன்னிப்புக் கேட்டவர். நான் பக்கத்திலை நிண்டனான்."

"அந்தாளுக்கு இத்தாலி இருக்கு, ரயிலிலை நாலு மணித்தியாலம். எங்களுக்குத் திரும்பிப் போக எங்கை இருக்கு?"

அவர் சொன்னது சரி. எங்களுக்குத் திரும்பிப் போக இடம் இருக்கவில்லை. ஆனால் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அந்தத் தொப்பியைப் பிடித்த கைதான் கண்ணுக்குள் நின்றது. சாப்பிட முடியவில்லை. மூடி வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை எழுந்து சேலையை மாற்றினேன். பட்டறை சனிக்கிழமை பூட்டு. ஆனால் வேலை அவசரம் என்றால் முதலாளியம்மா தனியாக வந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். கணவர் கட்டிலில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை.

"நானும் வரட்டோ?" என்று மட்டும் கேட்டார்.

"வேண்டாம். துடைச்சது நான்தானே."

நான் நினைத்தபடியே அவர் பட்டறையில் இருந்தார். யன்னலுக்கு முன்னால் பழைய படத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ட்ராமில் வரும்போது பாடமாக்கிய வசனமெல்லாம் அவரைக் கண்டதும் போய்விட்டது. "வியாழன்... கண்ணாடி... நான்" என்று மட்டும் வந்தது. அவருக்கு விளங்கவில்லை. வேறு வழியில்லாமல் தொட்டியடிக்குப் போய் வினாகிரிப் போத்தலையும் பத்திரிகைத் தாளையும் எடுத்தேன். மேசை ஓரத்தில் அவர் தூரிகையைப் பரீட்சித்துப் பார்த்து எறிந்த ஒரு கழிவுத் துண்டு கிடந்தது. அதிலேயும் அதே கறுப்புப் புகை. அவர் பார்த்துக்கொண்டிருக்க, அதைத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன்.

அவர் முகம் மாறியது. முக்காலியை இழுத்து உட்கார்ந்தார். ஏன் துடைத்தாய் என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. ஏன் நேற்றுச் சொல்லவில்லை என்றார்.

பயம் என்றேன். ஆங்ஸ்ட் என்ற அந்தச் சொல் எனக்கு நன்றாகத் தெரியும். முதல் விசாரணையில் மொழிபெயர்ப்பாளர் திரும்பத் திரும்பச் சொல்லி, நான் இந்த நாட்டில் முதலாவதாகப் படித்த சொல் அதுதான்.

"அவனுக்கும் அதுதானே இருந்தது" என்றார் முதலாளியம்மா.

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அவர் என்னை அழவிட்டுவிட்டு, தொலைபேசியை எடுத்து இத்தாலிக்காரர் தங்கியிருந்த வீட்டுக்கு அழைத்தார். அரை மணி நேரத்தில் அவர் வந்தார். முதலாளியம்மா எழுந்து நின்று, தான் தவறாக நினைத்துவிட்டதாகச் சொல்லி அவருக்குக் கை கொடுத்தார். நானும் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கண்ணாடி வெட்டப் போய்விட்டார். எனக்கு அந்தப் பார்வையே போதும் என்றிருந்தது. திட்டியிருந்தால் இன்னும் நன்றாயிருந்திருக்கும்.

என்னை முதலாளியம்மா வேலையிலிருந்து நிறுத்தவில்லை. திங்கள் முதல் காலையிலும் வா, எனக்கு ஒரு கை வேண்டும், நாட்கள் போதாது என்றார். அப்படித்தான் நான் ஊத்தை அரைக்கப் போனேன்.

ஊத்தை என்று நான் நினைத்தது ஒரு மை. இரும்புத்துருவும் கண்ணாடித் தூளும் கலந்தது. அதில் கொஞ்சம் பிசினும் வினாகிரியும் விட்டு, தட்டைக் கண்ணாடியில் வைத்துக் கண்ணாடிக் குழவியால் அரைக்க வேண்டும். சட்னி அரைத்த கைக்கு அது பெரிய வேலையில்லை. மணல் நெருநெருப்பு முற்றாகப் போகும்வரை அரைத்தேன். முதலாளியம்மா விரலால் தொட்டுப் பார்த்து இன்னும் என்பார். மூன்றாம் நாள்தான் போதும் என்றார்.

பிறகு அவர் அந்தப் பெரிய வெள்ளைக் கண்ணாடி முழுவதும் அந்த மையைப் பூசி, அகலமான மென்மயிர்த் தூரிகையால் தட்டித் தட்டிச் சீராக்கிக் காயவிட்டார். வெள்ளை இருந்த இடமே தெரியவில்லை. நல்ல கண்ணாடியை இப்படிப் பாழாக்குகிறாரே என்று என் கை குறுகுறுத்தது. காய்ந்ததும் கண்ணாடியை யன்னலில் நிறுத்திவைத்து, அவர் துடைக்கத் தொடங்கினார். உண்மையாகவே துடைத்தார். விறைத்த சின்னத் தூரிகையாலும், கூராக்கிய குச்சியாலும், ஊசியாலும், கறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டே போனார். எடுத்த இடத்தால் வெளிச்சம் வந்தது. முதலில் நெற்றி வந்தது. பிறகு மூக்குத் தண்டு, பிறகு ஒரு கன்னம்.

நிறம் எல்லாம் கண்ணாடி செய்கிறவர்கள் போடுவது, என்னுடைய வேலை இந்த ஊத்தை மட்டும்தான் என்று அவர் சொன்னார். வெளிச்சத்தை மறிப்பதுதான் தன் தொழிலாம். மறிக்காவிட்டால் வெளிச்சம் நேரே உள்ளுக்கு வந்துவிடும். அதில் பார்க்க ஒன்றும் இருக்காது, எதிர்வீட்டுக் கூரைதான் இருக்கும் என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் நாலு நாள் பக்கத்தில் இருந்து பார்த்தேன். நானும் துடைத்தேன், அவரும் துடைக்கிறார். அவருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியும். கண் இருக்கிற இடத்தில் அவர் குச்சி போகவேயில்லை. அங்கே கறுப்பை அப்படியே விட்டுவிட்டார். அந்தக் கறுப்புத்தான் நம்மைப் பார்த்தது.

பாதிரியார் திரும்பவும் வந்து பார்த்துச் சம்மதம் சொன்னார். சூளையில் வைத்ததும் வெளியே எடுத்ததும் இத்தாலிக்காரர். எடுத்து ஆறியபிறகு என்னைக் கூப்பிட்டு, வினாகிரிப் போத்தலை என் கையில் தந்தார்.

"இப்ப துடை" என்றார். "எவ்வளவு வேணுமென்றாலும் துடை."

துடைத்தேன். ஒன்றும் அசையவில்லை. அன்றிலிருந்து அவர் என்னை வெரோனிக்கா என்று கூப்பிடத் தொடங்கினார். அந்தப் பெண் துடைத்தாள், முகம் துணிக்கு வந்தது. எங்கள் வெரோனிக்கா துடைத்தாள், துணியில் இருந்த முகமும் போனது என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பார். நான் கோபப்படவில்லை. பேசாமல் இருந்த மனிதர் பேசுகிறாரே என்றிருந்தது.

விசாரணைக்குக் கடிதமும் கிடைத்தது. இந்தப் பெண் மிகவும் முழுமையாகத் துப்புரவு செய்வார் என்று அதில் எழுதியிருந்தார் முதலாளியம்மா. மொழி தெரிந்த ஒருவர் வாசித்துச் சொன்னபோது என் கணவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர் சுவரில் தட்டினார்.

பெரிய வெள்ளிக்கு முந்திய கிழமை யன்னலை எங்கடினுக்குக் கொண்டு போனோம். நீ அரைத்ததை நீ பார்க்க வேண்டாமா என்று முதலாளியம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மலை ரயில் ஏறி ஏறிப் போனது, எல்லாப் பக்கமும் பனி. மரப்பெட்டியை இத்தாலிக்காரர் தன் முழங்காலுக்கு முன்னால் வைத்து, வழி முழுக்க ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

தேவாலயம் சின்னது. சாரம் கட்டி, யன்னலை ஏற்றிப் பொருத்தி முடிய மத்தியானமாகிவிட்டது. அப்போது வெயில் வந்தது. எங்கள் கோயிலில் மூலஸ்தானம் இருட்டாக இருக்கும். ஐயர் கற்பூரத்தைத் தூக்கிக் காட்டினால்தான் சுவாமியின் முகம் தெரியும். இங்கே ஒருவரும் ஒன்றும் காட்டவில்லை. வெளிச்சம் முகத்துக்குப் பின்னாலிருந்து வந்தது. துணியில் இருந்த முகம் அப்படியே எழும்பி நின்றது. சாரத்தில் நின்ற முதலாளியம்மாவின் கையில் மஞ்சளும் சிவப்பும் விழுந்திருந்தது. நான் சைவக்காரி. ஆனாலும் கையெடுத்துக் கும்பிட்டேன். நான் அழித்த முதல் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தேன். அதை நான் பார்க்கவேயில்லை, பார்க்காமலே அழித்தவள்.

இத்தாலிக்காரர் கடைசி வாங்கில் உட்கார்ந்து பாணும் பாலாடைக்கட்டியும் வெட்டி, எனக்கும் ஒரு பங்கு தந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஒழுங்காகப் படித்துவைத்த ஜெர்மனில் அவரிடம் திரும்பவும் மன்னிப்புக் கேட்டேன். உங்கள் வேலை போயிருந்தால் என்ன செய்திருப்பேன் என்றேன்.

வேலை போனால் இன்னொரு வேலை தேடியிருப்பேன், அது இல்லை என்றார் அவர். பாணைக் கீழே வைத்தார்.

"அண்டைக்கு நான் பயத்திலை பொய்யாக மன்னிப்புக் கேட்டதெண்டு நினைச்சியோ? இல்லை. நான்தான் கழுவினனான் எண்டு நம்பிவிட்டன். வீட்டை போய் மனிசிக்கு ரெலிபோன் எடுத்து, என்ரை கை கெட்டுப்போச்சு, இனி இந்தத் தொழில் என்னாலை ஏலாது எண்டு சொன்னனான்."

அவர் இருபது வருடமாகக் கண்ணாடி வெட்டியவர். நான் வந்து உண்மையைச் சொன்னபிறகும் அந்த எண்ணம் முழுதாகப் போகவில்லையாம். இப்போதும் கழுவுவதற்கு முன் ஒவ்வொரு துண்டையும் இரண்டு தரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாராம். கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். சொல்லிவிட்டுப் பாணை எடுத்துச் சாப்பிட்டார்.

அவர் குடும்பம் பிறகு வந்து சேர்ந்தது. எங்களுக்கும் இங்கே இருக்க அனுமதி கிடைத்தது. பட்டறையில் நான் இன்னும் மூன்று வருடம் வேலை செய்தேன். அழிந்த முகத்தை நாலு நாளில் திரும்ப எழுதிவிட்டார்கள். ஆனால் நான் வாய் திறக்காமல் இருந்த அந்த ஒரே ஒரு நாளில் ஒரு நல்ல தொழிலாளி தன் சொந்தக் கையையே நம்பாமல் போனார் என்பதை நினைக்கும்போது, இத்தனை வருடம் கழித்தும், என்னுடைய பிழையை இன்னொருவர் மேல் ஒரு நிமிடமேனும் கிடக்கவிட எனக்கு மனம் வருவதில்லை.